‘பரவாயில்லை’ என்பது எத்தனை சதவீதம்?

மனநலத்தை ஒற்றைக் கேள்வியால் அளக்கும் முறை புத்தளம் கரையோரத்தில் எங்கே வழுக்குகிறது? சீனாவின் அனுபவம் நமக்கு என்ன சொல்கிறது?

‘பொதுவாக உங்கள் மனநலம் எப்படி இருக்கிறது? மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம் – ஐந்தில் ஒன்றைச் சொல்லுங்கள்.’ கனடாவின் தேசிய சுகாதார ஆய்வு தன் மக்களிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. சில விநாடிகளில் முடிந்துவிடும். கேட்பவருக்கு மருத்துவப் பயிற்சி வேண்டியதில்லை. பதிலைக் கணினியில் ஏற்றுவதும் எளிது. பல இடங்களில் ஆய்வாளர்கள் இதைக் கையில் எடுத்ததற்கு இந்த மலிவே காரணம். நிதி குறைந்த சுகாதார அமைச்சு ஒன்றுக்கு இதைவிடச் சிக்கனமான கருவி கிடைக்காது. எந்த மாவட்டத்துக்கு எத்தனை உளமருத்துவர், எங்கே உளவளத்துணை நிலையம் என்பதையெல்லாம் இதை வைத்தே தீர்மானித்துவிடலாமே என்று இலங்கையிலும் ஒருவருக்குத் தோன்றலாம். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை நீளும் கரையோரத்தை முன்வைத்து யோசித்தால், அது தவறான முடிவில் கொண்டுபோய் விடும் என்பது புலப்படும். ஒருவர் தமக்குத் தாமே இடும் மதிப்பெண், இன்றைய அவரை நேற்றைய அவரோடு ஒப்பிட உதவும். ஒரு சமூகத்தை மற்றொரு சமூகத்தோடு ஒப்பிட்டு, வளங்களைப் பங்கிட அது உதவாது.

புத்தளம் தந்த எண்கள்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்தில். இருபது ஆண்டுகள் கழித்து, 2011இல், செஸ்மல் சிறிவர்தன தலைமையிலான குழு அம்மக்களில் 450 வயதுவந்தோரைத் தெரிந்தெடுத்து உளநலத்தை ஆராய்ந்தது. ‘கொம்ரெய்ட்’ என்ற பெயரில் 2013இல் வெளியான அந்த ஆய்வு, உடல் உபாதை, மனச்சோர்வு, பதகளிப்பு என்று தனித்தனியாகக் கேட்கும் வினாக்கொத்தைப் பயன்படுத்தியது. 18.8 சதவீதத்தினருக்குப் பொதுவான உளநோய்களில் ஏதோ ஒன்று இருந்தது. ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கக்கூடும் என்பதால் வகைவாரியான எண்களைக் கூட்டக்கூடாது. ஆனால் அவற்றின் வரிசையைப் பார்க்கலாம். கடும் மனச்சோர்வு 5.1 சதவீதம், மற்ற மனச்சோர்வு வகைகள் 7.3; பதகளிப்பு 1.3, தனியாக அளக்கப்பட்ட போர்க்கால மனவடு 2.4. இவை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது 14.0 சதவீதம்: தெளிவான மருத்துவக் காரணம் பிடிபடாத உடல் உபாதைகள்.

இந்த 14 சதவீதத்தினரிடம் கனடாக் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? தலையிடி, நெஞ்சடைப்பு, கை கால் உளைவு, நித்திரையின்மை என்று வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்பவர் தம் கோளாறு உடம்பில் இருப்பதாகவே கருதுகிறார். மனம் எப்படி என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் அது. ஆனால் அந்தப் பதில் ஏட்டில் ‘நன்று’ என்றோ ‘சுமார்’ என்றோ பதிவாகும். மாவட்டத்தின் கணக்கில் ஒரு நோயாளி குறைவார். புத்தளத்தில் மிகப் பெரிய துன்பம் எந்த வழியாக வெளிப்பட்டதோ, அந்த வழியைப் பற்றிக் கேட்காத கேள்வி அது.

இன்னோர் ஒப்பீடும் இங்கே தேவை. போர் முடிந்த உடனே, 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளில் நடந்த ஆய்வு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. மனவடு 7.0 சதவீதம், பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2 என்றது அது. புத்தளத்தில் கடும் மனச்சோர்வு 5.1, யாழ்ப்பாணத்தில் மனச்சோர்வு 22.2. இரண்டையும் அருகருகே வைத்து, வெளியேற்றப்பட்டவர்கள் நான்கு மடங்கு நலமாக இருந்தார்கள் என்று ஒருவர் எழுதினால் எவ்வளவு பெரிய பிழை! யாழ்ப்பாணத்தில் பயன்பட்டது அறிகுறிகளைக் கூட்டி ஒரு வெட்டுப்புள்ளிக்கு மேல் உள்ளவர்களை எண்ணும் ஹொப்கின்ஸ் பட்டியல். புத்தளத்தில் பயன்பட்டது நோயறிதல் விதிகளை ஒட்டி வகை பிரிக்கும் வேறொரு வினாக்கொத்து. காலமும் வேறு, ஒன்று ஷெல்லடி ஓய்ந்த சில மாதங்களில், மற்றது இடப்பெயர்வின் 21ஆம் ஆண்டில். பல கேள்விகள் கொண்ட கவனமான இரண்டு ஆய்வுகளையே நேருக்கு நேர் நிறுத்த முடியவில்லை என்றால், ஒற்றைக் கேள்வியின் பதிலை வைத்துச் சமூகங்களைத் தரவரிசைப்படுத்துவது எப்படிச் சரியாகும்?

சீனா சந்தித்த சிக்கல்

இந்தச் சிக்கல் விரிவாக ஆராயப்பட்ட இடங்களில் ஒன்று சீனா. அமெரிக்க உளமருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1980இல் ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகரில், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சீன வைத்தியர்கள் பெயரிட்ட 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். தலையிடி, களைப்பு, தலைச்சுற்று, நித்திரைக் குறைவு ஆகியவையே அவர்களின் முறைப்பாடு. மேற்கத்திய விதிகளின்படி முறையாக விசாரித்தபோது, அவர்களில் 87 பேர் கடும் மனச்சோர்வின் வரையறைக்குள் வந்தார்கள். கலாசாரப் புரட்சி ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நாடு அது. மனம் நொந்துபோனதாகச் சொன்னால் அரசியல் குற்றமாகவும் பொருள்படலாம். நரம்பு தளர்ந்தது என்றால் எவரும் சந்தேகிக்கமாட்டார்கள், வேலையிலிருந்து விடுப்பும் கிடைக்கும். உடம்பின் வழியாகப் பேசுவது அறியாமையின் விளைவு அல்ல, அந்தச் சூழலில் பாதுகாப்பான வழி என்று கிளைன்மன் பிற்பாடு விளக்கினார்.

ஆனால் ‘சீனர் உடம்பால் பேசுவார்கள், மேற்கத்தியர் மனதால் பேசுவார்கள்’ என்று இதைச் சுருக்கிவிடுவதும் தவறு. அன்ட்ரூ ரைடரும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு சாங்ஷா நோயாளிகளையும் டொரொன்டோ நோயாளிகளையும் மூன்று முறைகளில் விசாரித்தது. தாமாகச் சொல்லவிட்டபோதும், மருத்துவர் முறைப்படி கேட்டபோதும் சீன நோயாளிகள் உடல் அறிகுறிகளை அதிகம் சொன்னார்கள். எழுத்து வினாக்கொத்தில் அந்த வேறுபாடு தெரியவில்லை. மன அறிகுறிகளைக் கனடா நோயாளிகள் மூன்று முறைகளிலும் கூடுதலாகச் சொன்னார்கள். ஆட்கள் அதே ஆட்கள். கேட்கும் முறை மாறியதும் படம் மாறியது. அளவை என்பது மக்களின் இயல்பை மட்டும் காட்டுவதில்லை, கேட்பவரின் முறையையும் சேர்த்தே காட்டுகிறது.

நாடளாவிய எண்களிலும் இதே கதைதான். 2009இல் வெளியான சீனாவின் நான்கு மாகாண ஆய்வு, ஒரு மாத காலத்தில் 17.5 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் உளநோய் இருந்ததாகச் சொன்னது. 2019இல் வெளியான தேசிய ஆய்வோ, முழு 12 மாத காலத்துக்கே, முதுமை மறதி நோயை நீக்கி, 9.3 சதவீதம் என்றது. இடைப்பட்ட காலத்தில் சீனாவின் உளநோய் பாதியாகக் குறைந்துவிட்டது என்று எவரும் வாதிடவில்லை. மாகாணங்கள் வேறு, நேர்காணல் கருவி வேறு, எதை நோயாக எண்ணுவது என்ற விதி வேறு. நடுநிலைப் பதிலைத் தேடும் பழக்கமும் ஆராயப்பட்டிருக்கிறது. ஜப்பான், தாய்வான், அமெரிக்கா, கனடா மாணவர்களை ஒப்பிட்ட 1995ஆம் ஆண்டு ஆய்வில், கிழக்காசிய மாணவர்கள் அளவுகோலின் நடுப்புள்ளியை அதிகம் தெரிவு செய்தார்கள். அமெரிக்கர்கள் இரு முனைகளுக்கும் போனார்கள். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் பல கேள்விகளில் கரைந்துவிடும் சிறு வித்தியாசம், ஒரே ஒரு கேள்வியில் கரைய இடமில்லாமல் அப்படியே நின்றுவிடும்.

அவரவர் கைமுழம்

கோவில் வாசலில் பூ விற்பவர் தம் கையால்தான் முழம் போடுகிறார். ஒரே பூக்காரரிடம் நேற்று வாங்கியதையும் இன்று வாங்கியதையும் ஒப்பிடலாம்; இரண்டு பூக்காரரின் முழத்தை ஒப்பிட்டால் கை நீளமானவரே தாராளமானவராகத் தெரிவார். சுயமதிப்பீடும் இத்தகையது. ‘நலம்’ என்று சொல்லும்போது ஒவ்வொருவரும் யாரோடு தம்மை ஒப்பிடுகிறார்? கடலில் கணவனை இழந்தவர், அகதி முகாமில் பிள்ளை பெற்றவர், கொழும்பில் அலுவலகம் போகிறவர் – இவர்களின் ‘சுமார்’ ஒன்றல்ல. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே துன்பத்தில் இருக்கும் குடியிருப்பில் அந்தத் துன்பம் வழமையாகிவிடுகிறது. வழமையை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

அமர்த்தியா சென் 2002இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதை உடல் நலத்தில் நிறுவியது. இந்திய மாநிலங்களில் ஆயுட்காலம் மிகக் கூடிய கேரளத்தில்தான் தமக்கு நோய் இருப்பதாகச் சொல்வோரும் மிக அதிகம். ஆயுட்காலம் குறைந்த பீகாரில் முறைப்பாடும் குறைவு. கல்வியும் வைத்தியசாலையும் கூடிய இடத்தில் மக்கள் தம் நோயை அடையாளம் காண்கிறார்கள். இல்லாத இடத்தில் சகித்துக்கொள்கிறார்கள். சுயமதிப்பீட்டை நம்பி நிதி ஒதுக்கினால் பீகாரின் பங்கைக் கேரளத்துக்குக் கொடுக்க வேண்டிவரும். மனநலத்திலும் அதே ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே அளவு அறிகுறி உள்ளவர்களில் கறுப்பின, ஹிஸ்பானிய மக்கள் வெள்ளையரைவிடத் தம் மனநலத்தை உயர்வாக மதிப்பிட்டார்கள். குறைவாகச் சிகிச்சை பெறுகிறவர்களே நன்றாக இருப்பதாகச் சொன்னால், சிகிச்சையின் ஏற்றத்தாழ்வு கணக்கில் மறைந்துபோகும்.

இதைத் திருத்த ஒரு வழி உண்டு. கேரி கிங்கும் கிறிஸ்தோபர் மரேயும் அவர்களின் சகாக்களும் 2004இல் விளக்கிய முறை அது. தம்மைப் பற்றிய கேள்வியோடு, கற்பனை மனிதர் ஒருவரைப் பற்றியும் சில வரிகள் வாசித்துக்காட்டி, அவருக்கு என்ன மதிப்பெண் இடுவீர்கள் என்று கேட்பது. எல்லோருக்கும் அந்த மனிதர் ஒருவரே என்பதால், விடைகளின் வேறுபாடு அவரவர் முழத்தின் நீளத்தைக் காட்டிவிடும். அரசின் முடிவுகளில் உங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று கேட்டபோது, தேர்தலில் ஆட்சியை மாற்றிக்காட்டிய மெக்சிகோ மக்களைவிடச் சீன மக்கள் தமக்கு அதிகச் செல்வாக்கு என்றார்கள். கற்பனை மனிதர்களைக் கொண்டு திருத்தியதும் வரிசை தலைகீழானது. மனநலக் கேள்விக்கும் இதே திருத்தம் பொருந்தும். அதற்கு ஆகும் செலவு சில நிமிடங்களே.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வலுவானது. தன் நோவைத் தானே அறிவான். வெளியிலிருந்து வந்த வினாக்கொத்துக்கு அதைவிட என்ன தெரியும்? பொதுவான உடல் நலத்தைப் பற்றிய ஒற்றைச் சுயமதிப்பீடு இறப்பை முன்னுரைக்கிறது என்பதை 1997இல் எலன் ஐட்லரும் யேல் பென்யமினியும் 27 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். மற்ற மருத்துவத் தகவல்களைக் கணக்கில் எடுத்த பின்னும் பெரும்பாலான ஆய்வுகளில் அந்த ஆற்றல் எஞ்சி நின்றது. ஆகவே கேள்வியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அங்கே நிறுவப்பட்டது, ஒரு கூட்டத்துக்குள் ‘மோசம்’ என்றவர் ‘நன்று’ என்றவரைவிட ஆபத்தில் இருக்கிறார் என்பதே. இரு கூட்டங்களின் சராசரியை ஒப்பிடலாம் என்பதை அது நிறுவவில்லை. சென் காட்டிய உதாரணம் அதை மறுக்கிறது.

இரண்டாவது: மனச்சோர்வு உடம்பில் தெரிவது உலகம் முழுக்க உள்ளதுதானே, இதில் ஆசியாவுக்கென்று தனிப் பேச்சு எதற்கு? உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் 14 நாடுகளின் தரவை வைத்து 1999இல் வெளியான ஆய்வில், கடும் மனச்சோர்வு உள்ள 1,146 பேரில் 69 சதவீதத்தினர் உடல் உபாதையை மட்டும் சொல்லியே வைத்தியரிடம் வந்திருந்தார்கள். இடத்துக்கு இடம் அந்த வீதம் 45 முதல் 95 வரை மாறியது. அதே ஆய்வில், நேரடியாகக் கேட்டபோதும் மன அறிகுறிகளை மறுத்தவர்கள் 11 சதவீதமே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தில்தான் என் வாதம் நிற்கிறது. மக்களுக்கு மனதைப் பற்றிப் பேசத் தெரியாது என்பது கட்டுக்கதை. கவலை, நாட்டமின்மை, நம்பிக்கையிழப்பு என்று குறிப்பாகக் கேட்டால் சொல்கிறார்கள். ‘மனநலம் எப்படி’ என்ற பொத்தாம்பொதுவான கேள்வி அந்த வாயிலைத் திறப்பதில்லை.

மூன்றாவது எதிர்வாதம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது: கற்பிட்டி வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவருக்கு முதுகு வலித்தால் அது உளநோயா? வறுமையை நோயாக்குகிறீர்களே! இதைப் புறந்தள்ள முடியாது. புத்தளம் ஆய்விலேயே உளநோயோடு சேர்ந்து வந்த காரணிகள் வேலையின்மை, கணவனையோ மனைவியையோ இழந்த நிலை, உணவுக்கு உத்தரவாதமின்மை ஆகியன. 14 சதவீதமும் மனதின் வேலையென்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. உடல் பரிசோதனை அருகே இல்லாத வினாக்கொத்து கூட்டியும் எண்ணும். ஆனால் கூட்டி எண்ணும் அபாயத்துக்கு மருந்து மறு பரிசோதனை. காணாமலே விடும் அபாயத்துக்கு அப்படியொரு மருந்து இல்லை. பெயர் ஏட்டில் ஏறாதவரை மறுபடி அழைக்க வழியில்லை. தவிர, காரணம் வறுமை என்று தெரிந்தால் உதவி மாத்திரையாக மட்டும் இல்லாமல் அரிசியாகவும் வேலையாகவும் போக வேண்டும். அதைக் காட்டவும் விரிவான கேள்விகளே தேவை.

நான்காவது: சொல்வதை விட்டுவிட்டுச் செயலை எண்ணலாமே, தற்கொலை வீதம் போதாதா? இலங்கை அனுபவமே இதற்குப் பதில். 1995இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் மிகப் பெருமளவில் சரிந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த கொள்கை வெற்றி அது. ஆனால் கைக்கெட்டும் நஞ்சு அகன்றதால் வீதம் இறங்கியதே தவிர, நாட்டின் மனத்துயர் அதே அளவு குறைந்தது என்பதற்கு அது சான்றாகாது. செயலை எண்ணுவதும் ஓர் அளவைதான். அதற்கும் எல்லை உண்டு.

சிலாபத்தில் எதைக் கேட்பது?

சிலாபம் இந்த விவாதத்துக்குப் பொருத்தமான களம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவரும் வாழும் ஊர். வடக்கே சற்றுத் தள்ளித் தமிழ் மீனவக் கிராமமான உடப்பு; ஊரை அடுத்து முன்னேஸ்வரம். அங்குள்ள காளி கோவிலுக்குச் சிங்கள மக்களும் பெருமளவில் வருகிறார்கள். கணநாத் ஒபேசேகர 1975இல் வெளியிட்ட ஆய்வு, தமக்கு அநீதி இழைத்தவர்கள் மேல் தெய்வத்திடம் முறையிட வருவோரை முன்னேஸ்வரம் உள்ளிட்ட மூன்று தலங்களில் ஆராய்ந்தது. அப்படி வருகிறவருக்குத் துன்பத்தின் இருப்பிடம் தன் மனம் அல்ல, தனக்கும் இன்னொருவருக்கும் இடையிலான உறவு. சுனாமிக்குப் பின் இலங்கையில் வேலை செய்த உளவியலாளர் கயித்ரி பெர்னாண்டோவும் இதையே கண்டார்: குடும்பத்திலும் ஊரிலும் தமக்குரிய இடம் அறுந்துபோவதையே மக்கள் துன்பத்தின் மையமாகச் சொன்னார்கள். மக்களின் சொற்களிலிருந்தே தொடங்கி 2008இல் அவர் ஓர் அளவுகோலை வெளியிட்டார். 2012இல் பேராதனை மனச்சோர்வு அளவுகோலும் வந்தது. குடும்பத்தையும் சமூகத்தையும் விட்டுத் தனி ஆளை மட்டும் அளப்பது போதாது என்று யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார். கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை.

அன்றாடச் செயற்பாட்டைப் பற்றிக் கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கொழும்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 6,000 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் மனச்சோர்வு கண்டவர்கள் 6.6 சதவீதம். அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை நீக்கியதும் அது 11.2 ஆனது. நோய் இருந்தும் உலையேற்றி, வலை இழுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். பாடுபட்டுச் சமாளிப்பவரைச் சுகமானவர் என்று எண்ணிவிட்டால், அதிகம் உழைக்கும் ஊர்களே அதிகம் ஏமாறும்.

உள்ளூர்க் கருவி வைத்தால் உலகத்தோடு ஒப்பிட முடியாதே என்ற கவலைக்கு விடை எளிது: பொதுக் கேள்விகள் இருக்கட்டும், உள்ளூர்க் கேள்விகளும் கூடட்டும். அடுத்த முறை இந்தக் கரையோரத்தில் வீடு வீடாக ஆய்வு நடக்கும்போது வரிசை இப்படி இருக்கலாம். முதலில், உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டுத் தடையின்றிச் சொல்லவிட வேண்டும். பிறகு நித்திரை, பசி, யோசனை, ஆர்வம், குடும்பத்தில் மனத்தாங்கல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேலை நடக்கிறதா என்பதோடு, அதை என்ன பாடுபட்டுச் செய்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே கற்பனை மனிதர்களை வைத்து மதிப்பெண் வாங்க வேண்டும். சுயமதிப்பீடு கடைசியில் வரட்டும். அதை ஆண்டுதோறும் அதே மக்களிடம் கேட்டால் பயன் பெரிது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்கு முன்னும் பின்னும் அப்படியொரு தொடர் பதிவு நம்மிடம் இருந்திருந்தால், மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த மாதங்கள் மனங்களை என்ன செய்தன என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

சுகாதார அமைச்சிடமும் ஆய்வுக்கு நிதி தரும் நிறுவனங்களிடமும் கேட்பது அதிகமில்லை. ஒற்றைக் கேள்வியின் பதிலை மட்டும் வைத்து எந்த மாவட்டத்தையும் எந்த இனத்தையும் ‘நலம்’ என்று அறிவிக்காதீர்கள். அந்த எண்ணைக் காட்டி உளமருத்துவர் பதவியையோ உளவளத்துணையாளர் பதவியையோ வெட்டாதீர்கள். வாசகரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வைத்தியர் எல்லாப் பரிசோதனையும் சரி என்ற பின்னும் தலையிடியும் நெஞ்சடைப்பும் நித்திரையின்மையும் நீடித்தால், மனதைப் பற்றியும் அதே வைத்தியரிடம் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.